மழைமேகத்தில் பட்டு வந்த குரல்

மலேசியாவில் பத்து பாகாட் ஊரில் இருக்கும் நண்பரும் கூலாய் ஊரில் இருக்கும் நானும் மைக்ரோவேவ் அலைவரிசையில் பேச மூன்று ஆண்டுகளாக முயன்றோம். இடையே அலைகளை மறிக்கும் குன்றுகள். தோல்வியைப் பற்றிக் கைப்பேசியில் தெளிவாகப் பேசிக்கொள்வோம். அமெச்சூர் வானொலிக்காரர்கள் அப்படித்தான். அடுத்த வாரம் நண்பர் தம் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோக இருந்தார். அங்கே டிஷ் ஆண்டெனா வைக்க இடமில்லை. அந்த ஞாயிறுதான் எங்களுக்குக் கடைசி வாய்ப்பு.

கூலாய் மேட்டில் டிஷ்ஷை அவர் ஊர்ப்பக்கம் பாகை பிசகாமல் திருப்பினேன். வெறும் இரைச்சல். வடக்கே மழை கறுத்ததும், மின்னலுக்கு முன் மூடிவிட வேண்டும் என்ற விதிப்படி கருவிகளை மூடத் தொடங்கினேன்.

"அலைங்க மழையில பட்டுச் சிதறி வரும்னு சாப்பிட விடாம சொன்னீங்களே, அது சும்மாவா?" என்றாள் உடன் வந்திருந்த மனைவி.

நண்பரைக் கைப்பேசியில் அழைத்தேன். இருவரும் ஒரே மேகத்தை நோக்கித் திருப்பினோம். வானொலியில் தொண்டை கட்டியதுபோல் அவர் குரல் வந்தது.

"அண்ணே, கேக்குதா? அண்ணி இருக்காங்களா?"

"கேக்குது தம்பி! சாப்பிட்டீங்களா?" மைக்கைப் பிடுங்கிக்கொண்டது வானொலி உரிமமே இல்லாத என் மனைவி.

யாரும் தம் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லவில்லை. விதிப்படி இது வானொலித் தொடர்பாகக் கணக்கிலேயே சேராது. குறுக்கிட்டுச் சொல்ல மனம் வரவில்லை. மேகம் நகர நகர டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.