இரண்டு பிரதியிலும் பிழை

ஆஸ்பத்திரியில் அவளைத் துபாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதோ ஒரு வயதான நோயாளி வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. காலையில் கண் பிரிவு, மதியம் எலும்பு, சாயங்காலம் பிரசவம் என்று மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒருவர் சொல்லும் வலியை வாயில் வாங்கி இன்னொருவர் காதில் அவர் பாஷையில் போடுகிற வேலை. டாக்டர் "நான்" என்றால் அவளும் "நான்" என்பாள். நோயாளி அழுதுகொண்டே சொன்னதை அழாமல் சொல்வாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வீட்டுக்குப் போனால் புருஷன், "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்பான். "தொண்டை வத்திப்போச்சு. சைகையில கேளுங்க" என்பாள்.

அன்று மரபணுப் பிரிவு. நடைவழியில் ஓர் இளம் தகப்பன் அவளை ஓரங்கட்டினான். அவன் குழந்தை பிறந்ததிலிருந்தே பால் குடித்தால் வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள். தாய்ப்பாலை நிறுத்தி, பால் கலக்காத மாவைக் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தேறியிருந்தது. காரணத்தை உறுதி செய்ய அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள்.

"அக்கா, என் ரிசல்ட்டை போன்லயே சொல்லிட்டாங்க. எங்கிட்டயும் அந்தக் கோளாறு இருக்காம். அதை மட்டும் எங்கம்மா முன்னாடி விட்டுடுங்களேன். அவங்களுக்கும் இந்த ஊர் பாஷை தெரியாது, என் பொண்டாட்டிக்கும் தெரியாது. யாருக்கு நஷ்டம்?"

துபாஷி அறைக்கதவைத் தள்ளினாள். பதில் சொன்னால் நின்றுகொண்டே பேச வேண்டும். கால் கடுத்தது.

உள்ளே டாக்டருக்கு எதிரே மாமியார், மடியில் குழந்தை. மருமகள் சுவரோர நாற்காலியில், கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தைப் புதுசா சொல்லப்போறாங்க?" என்றாள் மாமியார். "பாலை நிறுத்தின அன்னிக்கே புள்ள தேறிடுச்சு. அப்ப கோளாறு எதுல? இவ அம்மா வீட்டுலேர்ந்து எதுதான் உருப்படியா வந்துச்சு, பால் மட்டும் ஒழுங்கா வர்றதுக்கு!"

அறைக்குள் பேசியது எல்லோருக்கும் பொது. துபாஷி அதையும் டாக்டருக்குச் சொன்னாள், குத்தல் குறையாமல். மருமகள் தரையைப் பார்த்தாள். டாக்டர் ஒரு தாளை இழுத்து வரைய ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல இவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"இதுதான் டி.என்.ஏ. முறுக்கின ஏணி மாதிரி ரெண்டு இழை. நடுப்படியெல்லாம் நாலே எழுத்து. ஏ-வுக்கு எதிர்ல எப்பவும் டி, சி-க்கு எதிர்ல ஜி. அதனால இழை ரெண்டும் பிரிஞ்சாலும், ஒண்ணைப் பார்த்து மத்ததைக் கட்டிக்கலாம். உடம்பு இந்த எழுத்தை மூணு மூணா படிச்சுத்தான் புரதம் செய்யும். பால்ல இருக்கிற சர்க்கரையைப் பக்குவப்படுத்த ஒரு புரதம் வேணும். அதோட குறிப்புல ஓர் எழுத்து மாறிப்போச்சு."

"ஓர் எழுத்துக்கா இவ்வளவு பாடு?" என்றாள் மாமியார்.

"எல்லார்கிட்டயும் அந்தக் குறிப்பு ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். குழந்தைக்கு ரெண்டு பிரதியிலயும் பிழை."

அடுத்தது சின்ன வாக்கியம்தான். தகப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டால் டாக்டருக்குத் தெரியப்போவதில்லை. அவளும் அடுத்த அறைக்குச் சீக்கிரம் போகலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அந்தப் பெண் வீடு போய்ச் சேருவாள்.

"ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து வந்தது. இன்னொண்ணு அப்பாகிட்டேர்ந்து," என்றாள் துபாஷி.

"தப்பா சொல்றீங்க," என்றாள் மாமியார். "எம் புள்ள கல்லு மாதிரி இருக்கான்."

"அவருக்கு இன்னொரு பிரதி சரியா இருக்கு. மருமகளுக்கும் அப்படித்தான். அதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியலை."

"அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"பெரும்பாலும் உங்ககிட்டேர்ந்தோ அவரோட அப்பாகிட்டேர்ந்தோ வந்திருக்கும்."

மாமியார் யோசிக்கவே இல்லை. "அந்த மனுஷனாத்தான் இருக்கும். செத்தும் நிம்மதியா விடலை பாரு!"

மருமகள் முதல்முறையாக வாய் திறந்தாள். "அப்ப என் பாலு?"

டாக்டர் பேனாவை வைத்தார்.

"உங்க பால்ல ஒரு குறையும் இல்லை. எந்தத் தாயோட பாலை இந்தக் குழந்தை குடிச்சிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்."

அவள் எழுந்து வந்து, மாமியார் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாமியார் பையிலிருந்து புட்டியை எடுத்தாள்.

வெளியே தகப்பன் நேராக வரவேற்பு மேசைக்குப் போனான். "அடுத்த தடவைக்கு மொழிபெயர்க்க வேற ஆளைக் கேக்கப்போறேன்" என்று பின்னால் வந்த மனைவியிடம், துபாஷி காதில் விழவே சொன்னான்.

துபாஷி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். சரி, ஏறுவதற்கு ஒரு மாடி குறைந்தது என்றுதான் தோன்றியது.

"வேற ஆளெல்லாம் வேணாம்," என்றாள் மருமகள். "இவங்களே வரட்டும். மேசையில இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா புட்டிக்குள் மாவு கரைந்திருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்காரி பேனாவுடன் காத்திருந்தாள். கடைசியில், தனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில், மனைவி சொன்னதை அவனே எடுத்துச் சொன்னான்.