சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அந்த வேனில் எனக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: அதன் பூட்டு. எஞ்சின் ஓடும்போது எல்லாக் கதவுகளும் மூடியிருந்தால், சற்று நேரத்தில் ‘டக்’கென்று தானாகவே பூட்டிக்கொள்ளும். எங்களுக்கு வேனை விற்ற கெப்பாலா பத்தாஸ் ஊர்க்காரர் திருட்டுக்குப் பயந்து தனியாகப் போட்டுவைத்த பூட்டு அது. கணவருக்கு அது தொல்லை. கழற்றிவிடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தவள் நான்தான். குழந்தையோடு போகிற வண்டி பூட்டிக்கொண்டால் நல்லதுதானே.

மற்றது எல்லாமே எனக்குப் பயம்தான். கணவர் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, ஞாயிறுதோறும் வேனைத் திறந்துபோட்டு வேலை செய்தார். பின் இருக்கைகள் போய்க் கட்டில் வந்தது; சின்ன அடுப்பு வந்தது; கூரையில் ஒரு சதுரச் சன்னல் வந்தது. கூரையை அறுத்த அன்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று வரத்தான் என்றார். மழையும் வருமே என்றேன். மூடிக்குக் கொக்கி வாங்கிப் போடுவதாகச் சொன்னவர், கடைசியில் ஒட்டுநாடாவைத்தான் சுற்றிவர ஒட்டியிருந்தார். உள்ளே கூரைக் கம்பியில், வீட்டில் இருப்பதுபோலவே, ஒரு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டுச் சாரோங் துணியில் தொட்டில் கட்டினார். மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அந்த ஆட்டம் இல்லாமல் தூங்கமாட்டாள்.

நான் இடைநிலைப் பள்ளியில் கணிதம் சொல்லித்தருகிறேன். பள்ளி விடுமுறை தொடங்கியதும் கிளம்பினோம். திரெங்கானு பக்கம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையைக் கணவரின் நண்பர் படமெடுத்துக் காட்டியிருந்தார். புல்மேடு, அதைச் சுற்றிக் கடல், வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்பதுதான் அவருக்குப் பிடித்தது. கிளினிக் எவ்வளவு தூரம் என்று நான் வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

வழியில் புக்கிட் மெர்தாஜாமில் மாமியார் வீட்டில் பசியாறினோம். வேனுக்கு இன்னும் பூசை போடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பூசை போடாத காடியிலயா பச்சப் புள்ளைய ஏத்திட்டு அவ்ளோ தூரம் போறீங்க?”

“வந்து போடலாம்மா. கோயில்ல இன்னைக்குக் கூட்டமா இருக்கும்” என்றார் கணவர்.

“கோயில் எதுக்குடா? எலுமிச்சம்பழம் நாலு. சக்கரத்துக்கு ஒன்னு. கல்பூரம் காட்டி, தேங்காய ஒடைச்சி, காடிய முன்னால எடுத்து நசுக்கிட்டுப் போ. அதுக்கும் நேரம் இல்லையா ஒனக்கு?”

“மழைக்கு முன்னால மலை ரோட்டத் தாண்டணும் லா. போற வழியில பண்ணிக்கிறோம்.”

அத்தை உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். மகனிடம் நீட்டவில்லை. என் கையில் கொடுத்தார்.

“நீ படிச்ச புள்ள. நீ மறக்கமாட்ட.”

அதோடு அந்தப் பை என் பொறுப்பாகிவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. செய்யாமல் விட்டு ஏதாவது நடந்துவிட்டால் என்ற நினைப்புக்கு மட்டும் எப்போதும் பதில் இருந்ததில்லை.

கிரிக் ஊரில் நிறுத்தியபோது மழை கொட்டியது. கூரைச் சன்னலின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக என் மடியில் விழுந்தது. ஏரிக்கரையில் நிறுத்தியபோது சுற்றிலும் ஆட்கள். நடுவில் தேங்காய் உடைக்க எனக்குக் கூச்சம். மலைச் சாலையில் யானைகள் கடக்கும் இடம் என்று பலகைகள் வந்தபடி இருந்தன. நான் இருபக்கக் காட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“யானை வந்தா நீயே பேசிக்க மா. அந்த டீச்சர் கொரல்ல ‘உக்காரு’ன்னு ஒரு தடவ சொல்லு, உக்காந்துரும்.”

“ரோட்டப் பாருங்க.”

பை என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது.

மறுநாள் மதியம் முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். மழைக்காலத்துக்கு மூடிய ஒரு பலகாரக் கடை இன்னும் திறக்கவில்லை. வேறு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. புல்தரை கடலை நோக்கிச் சரிந்து சென்று, சட்டென்று முடிந்தது. அந்த விளிம்பில் வேலி இல்லை. காற்று நின்று நின்று அடிக்கவில்லை. விடாமல் ஒரே பக்கமிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. வேன் லேசாக ஆடியது.

கடல் தெரிய வேண்டும் என்று கணவர் வேனின் மூக்கைச் சரிவை நோக்கி நிறுத்தினார். வீட்டிலிருந்து நான் எடுத்துவரச் சொன்ன செங்கல்லை முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் இறங்கினேன். மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டினேன். மணல் பறந்ததால் சன்னல்களை ஏற்றி, பக்கக் கதவை மூடி, குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டோம். பூட்டிக்கொள்ளாமலிருக்க ஓட்டுநர் கதவை மட்டும் கொஞ்சம் திறந்துவைத்தோம். அவள் தூங்கினாள்.

யாரும் இல்லாத இடம். பையை எடுத்தேன்.

“இப்பவே பண்ணிடலாங்க.”

“பண்ணு மா. பண்ணாத்தான் நீ மூச்சு விடுவ.”

பழங்களை நசுக்க வேன் ஒரு சுற்று முன்னால் உருண்டால் போதும். அவர் செங்கல்லை எடுத்துப் புல்லில் போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நான் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தேன். வேனின் முன்னால் பக்கவாட்டில் நின்று, தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீக்குச்சி கிழித்தேன். அணைந்தது. மறுபடி அணைந்தது. காற்றுக்கு முதுகு காட்டிக் குனிந்தும் அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் சிரிப்பது தெரிந்தது. பிறகு, “இரு, நான் வந்து மறைக்கிறேன்” என்று கத்திக்கொண்டு இறங்கினார். காற்று கதவை அவர் கையிலிருந்து பிடுங்கி அறைந்து சாத்தியது.

அவர் என்மேல் கவிழ்ந்து நின்று சட்டையை விரித்துப் பிடித்தார். கற்பூரம் பற்றியது. கைகூப்பக் குனிந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் ஓடிப்போய்க் கதவை இழுத்தார். நான் என் பக்கத்துக் கதவை இழுத்தேன். பக்கக் கதவு. பின்கதவு. எதுவும் அசையவில்லை.

“இன்னொரு சாவி?”

“என் ஹேண்ட்பேக்குல.”

“ஹேண்ட்பேக்?”

உள்ளே. இரண்டு கைப்பேசிகளும் உள்ளே. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரமாக வைப்பது என் வழக்கம்.

கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். தொட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் விழித்து உதைக்கிறாளா, காற்று ஆட்டுகிறதா என்று தெரியவில்லை. ஒரு மாதமாக அவள் விழித்ததும் துணியின் ஓரத்தைப் பிடித்து எழப் பார்க்கிறாள். எழுந்தால் தலைகுப்புற விழுவாள். அழுகிறாளோ என்று காதை வைத்தேன். எஞ்சினும் காற்றும்தான் கேட்டன.

அப்போது கீழே பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. முன் சக்கரத்தின் அடியில் இருந்த பழம் பாதி தட்டையாகியிருந்தது. சாறு புல்லில் வழிந்தது.

“ஏங்க, ஹேண்ட்பிரேக் போட்டீங்களா?”

“போட்டேன்.” பிறகு அவர் முகம் மாறியது. “போட்டேன்னுதான் நெனைக்கிறேன். முன்னால எடுக்கணும்னு எறக்குனேன்... எறங்குறப்ப இழுத்தேன் மா. இழுத்தேன்.”

காற்று வேனை ஒருமுறை உலுக்கியது. பழத்தின் தோல் பிளப்பதைக் கண்ணால் பார்த்தேன். அவர் புல்லில் கிடந்த செங்கல்லைப் பொறுக்கி அந்தச் சக்கரத்தின் முன்னால் திணித்தார். வேன் முனகிக்கொண்டு அதன்மேல் சாய்ந்தது. அதோடு விடாமல், வேனின் முகத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, விளிம்புக்கு முதுகு காட்டி நின்றார்.

“அங்க நிக்காதீங்க! வாங்க இந்தப் பக்கம்!”

“புடிச்சிக்கிறேன் மா.”

“வேன நீங்க புடிப்பீங்களா? வாங்கன்னா!”

நான் சட்டையைப் பற்றி இழுத்த பிறகுதான் நகர்ந்தார்.

கண்ணாடியை உடைக்க வேண்டும். செங்கல்லைத் தொட முடியாது. வேன் இப்போது அதன்மேல்தான் நின்றது. சுற்றிலும் புல்லும் மணலும். ஒரு கல் இல்லை. கடைப் பக்கம் ஓடிப்போய்த் தேடிவிட்டு அவர் வெறுங்கையோடு வந்தார். பிறகு பையிலிருந்த தேங்காயை எடுத்து, ஓட்டுநர் கண்ணாடியில் பலங்கொண்ட மட்டும் அடித்தார். மூன்றாவது அடியில் தேங்காய் உடைந்தது. அதன் தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பின்னாளில் இதைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறோம். அன்று அவர் உடைந்த தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, அழப்போகிற குழந்தைபோல என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போது மடியில் சொட்டிய மழை நினைவுக்கு வந்தது.

“மேல. கூரைச் சன்னல். அது ஒட்டுநாடாதானே?”

“நான் ஏறுறேன்.”

“ஒங்க தோளு நுழையாது. என்னைத் தூக்கி விடுங்க.”

பின்கதவில் சாமான் ஏற்றுவதற்காக அவர் பற்றவைத்த ஏணி இருந்தது. அதன் பற்றவைப்பையும் நான் நம்பியதில்லை. துப்பட்டா முகத்தைச் சுற்றியது. கழற்றி விட்டேன், கடல் பக்கம் போனது. கூரைமேல் நிற்க முடியவில்லை. வயிற்றால் தவழ்ந்தேன். என் எடையில் வேன் நகருமோ என்ற பயம். நகரத் தொடங்கினால் குதிப்பதா, ஒட்டிக்கொண்டிருப்பதா என்று யோசித்தேன். ஒட்டிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தேன். அந்த நாளில் நான் இரண்டாம் முறை யோசிக்காத முடிவு அது ஒன்றுதான்.

நகத்தால் நாடாவைக் கிழித்தேன். மூடி கொஞ்சம் தூக்கியதும் காற்றே அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனது. தலையை உள்ளே நீட்டினேன்.

அவள் ஒரு கால் துணிக்கு வெளியே தொங்க, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காற்று வேனை ஆட்ட, வேன் ஸ்பிரிங்கை ஆட்ட, வீட்டில் ஒருநாளும் தூங்காத தூக்கம்.

கால்களை முதலில் விட்டேன். தொட்டிலில் பட்டுவிடக் கூடாது. இடுப்பு சிக்கியது. பிரசவத்துக்குப் பின் வந்த உடம்பு. தகரம் இருபக்கமும் தோலைச் சீவியது. மூச்சை வெளியே விட்டுச் சரிந்து கட்டிலில் விழுந்தேன்.

என் மகள் கையெட்டும் தூரத்தில் இருந்தாள். அவளைத் தொடாமல் தாண்டிப் போனேன். முன் இருக்கைக்கு ஊர்ந்து போய் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். அது மேலே வந்தது. இன்னும் வந்தது. அவர் இழுத்திருந்தார்தான்; பாதி இழுத்திருந்தார். கடைசிப் பல்லில் மாட்டிய பிறகு எஞ்சினை அணைத்தேன், கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பிப் போய் அவளைத் தூக்கினேன். தூக்கம் கலைந்த கோபத்தில் அவள் கத்திய கத்தலுக்கு முனை முழுக்கக் காற்று அடங்கியதுபோல எனக்குத் தோன்றியது.

நானும் மகளும் மூடிய கடையின் வாசலில் நிற்க, கணவர் வேனைப் பின்னால் எடுத்தார். புல்லில் மூன்று பழங்கள் முழுசாகக் கிடந்தன. கற்பூரத் தட்டைக் காணவில்லை.

சிற்றூர் ஒன்றை அடைந்ததும் கைப்பேசிக்கு உயிர் வந்தது. அத்தைதான் அழைத்தார்.

“பூசை போட்டாச்சா?”

“போட்டாச்சு அத்தை.”

“தேங்கா ஒடைஞ்சிச்சா?”

“ஒடைஞ்சிச்சு.”

“பழமெல்லாம் நல்லா நசுங்கிச்சா?”

பக்கத்தில் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே திரும்பினார். தோள் குலுங்கியது. சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

“ஒன்னு நசுங்கிச்சு அத்தை.”

“சரி. புள்ள என்ன பண்றா?”

“இப்பதான் தூங்கி எழுந்தா.”

போனை வைத்ததும் அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்து, பூட்டுக்குப் போகிற கம்பியைக் கழற்றினார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். எஞ்சினைப் போட்டு, கதவுகளைச் சாத்திக் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. கதவை இழுத்தார், திறந்தது.

“போதுமா?”

“இன்னொரு தடவ சாத்துங்க” என்றேன்.