வாசலில் போட்ட வெள்ளைக் குறி

கணினித் திரையில் அந்தச் சிவப்புக் கோடு ஒரு தகரக் கூரையின் நடுவே போனது. அந்தக் கூரைக்குக் கீழே ஒரு சமையலறை இருந்தது. கிள்ளான் நகரில் ஒரு பெரிய கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள். அதன் எல்லையான அந்தக் கோட்டுக்குள் விழும் வீடுகள் இடிபடும். எவை விழும் என்று காட்டும் வான்படத்தைத் தயாரிக்கும் வேலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சிறிய நில அளவை அலுவலகத்துக்கு வந்திருந்தது.

எங்கள் மேனேஜர் அக்காவை நினைத்தால் இன்றைக்கும் முதலில் அவருடைய பயம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வான்படம் தயாரிக்கும் அலுவலகத்தை நடத்தியவர் விமானம் ஏற மாட்டார். தொலைவில் இருக்கும் பினாங்குக்குக் கூட பஸ்தான். பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். கேலி செய்தால், "பயந்தவதான் லா திரும்பிப் பார்ப்பா" என்பார். அந்தச் சமயத்தில் எங்கள் பழைய மென்பொருளின் உரிமம் முடிந்துபோயிருந்தது. பெரிய நிறுவனத்தின் மென்பொருளுக்கு விலை கேட்டவர், மறுபேச்சில்லாமல் போனை வைத்துவிட்டார். எங்கள் கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்று மலிவு, இன்னொன்று இணையத்தில் இலவசம். இரண்டிலும் அதே கிள்ளான் படங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

மேலிருந்து எடுத்த படம் அப்படியே வரைபடம் ஆகிவிடாது. மேட்டில் இருக்கும் வீடு படத்தில் ஓரத்துப் பக்கமாகத் தள்ளித் தெரியும். தரையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்து அதை அதன் இடத்துக்கே கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் ட்ரோனைப் பறக்கவிடும் முன் தரையில் வெள்ளைச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டு, அந்தப் புள்ளிகளை அளந்து வைப்போம். மலிவு மென்பொருள் மதியத்துக்குள் வேலையை முடித்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், துடைத்து வைத்த மாதிரி ஒரு படத்தைத் தந்தது. கோடு சமையலறைக்குள் போனது அதில்தான். இலவச மென்பொருளோ நாள் முழுக்க இழுத்தடித்தது. கூரை ஓரமெல்லாம் பிய்ந்த மாதிரி ஒரு படத்தையும், மேட்டுப் பக்கத்தில் ஒரு குறிகூட அகப்படவில்லை என்ற எச்சரிக்கையையும் தந்தது.

"குறி போட்டியா இல்லையா?" என்றார் அக்கா.

"ட்ரோன் விடறதுக்கு முதல் நாளே போட்டேன் அக்கா."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். குறி இருக்க வேண்டிய இடங்களில் மங்கிய திட்டுகள்தான் இருந்தன.

மறுநாள் கிள்ளானுக்குப் போனோம். அந்தச் சமையலறைக்குச் சொந்தக்கார ஆன்டி, சாயத்தைக் கரைக்கும் தின்னர் ஊற்றித் தேய்த்தது தான்தான் என்று மறைக்காமல் சொன்னார். அவரைப் பார்த்துத் தெருவே தேய்த்திருக்கிறது. "முன்னாடி நாங்க குடியிருந்த கம்பத்துலயும் வீடு வீடா இப்படித்தான் குறி போட்டாங்க. பின்னாலயே இடிக்க லோரி வந்துருச்சு" என்றார்.

"நாங்க இடிக்க வரல ஆன்டி. இந்தக் குறி இல்லன்னா உங்க வீடு படத்துல வேற எடத்துல நிக்கும்" என்றார் அக்கா.

"சரியான எடத்துல நின்னா விட்டுருவாங்களா?"

"தெரியல ஆன்டி" என்றார் அக்கா. எனக்கும் அதே பயம்தான். சரியான படத்திலும் கோடு அடுப்பங்கரைக்குள் போனால், அவர் வீட்டை இடிக்க அவரிடமே சம்மதம் வாங்கியது போலாகும். தெரியாது என்று அக்கா ஒப்புக்கொண்டதைக் கேட்ட ஆன்டி, சாயம் போட வசதியாக வாசலில் இருந்த பூந்தொட்டியை நகர்த்தி வைத்தார். ட்ரோன் போகும்வரை குறியை யாரும் மிதிக்காமல் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

புதிய படத்தில் கோடு சமையலறைச் சுவருக்கு ஒரு முழம் வெளியே விழுந்தது. அக்கா இலவச மென்பொருளையே வைத்துக்கொண்டார். "தப்பு இருந்தாலும் வாயத் திறக்காதது நமக்கு வேணாம் லா. கத்துறதே இருக்கட்டும்" என்றார். நான் இப்போது சுபாங் ஜெயாவில், விலை உயர்ந்த மென்பொருள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். அது பச்சை விளக்குக் காட்டினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஒவ்வொரு குறியையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் படத்தை அனுப்புகிறேன்.

கிள்ளானில் அந்த வரிசை வீடுகள் தப்பின என்று உறுதியான அன்று, நேரில் சொல்ல நானும் அக்காவும் போனோம். சமையலறை காலியாக இருந்தது. சாமான்களெல்லாம் சாக்குகளில் கட்டிச் சுவரோரம் வைக்கப்பட்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் ஆன்டி, "எப்போ போகணும்?" என்றார். போக வேண்டாம், வீடு தப்பிவிட்டது என்று அக்கா சொன்னார். ஆன்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு சாக்கை அவிழ்த்து, மூன்று குவளைகளை எடுத்து எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும் அவற்றைக் கழுவித் துடைத்து, மறுபடியும் சாக்குக்குள் வைத்துக் கட்டினார்.