பச்சைக் கல்லும் பழப்புளியும்

அரிப்பு ஊர்க் கோயிலின் பித்தளை மெழுகுதிரிக் கால்களைத் திருநாளுக்குத் திருநாள் பழப்புளி போட்டு மினுக்குபவள் எடித். பித்தளையில் படியும் பச்சைக் களிம்பைக் கண்டால் அவள் கை சும்மா இராது.

கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி றொகான், தான் சேர்க்கும் செப்புத் தாதுக் கற்களில் பச்சையான ஒன்றை மேசையில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனான். திரும்பி வருவதற்குள் எடித் அதன் ஒரு பக்கத்தைப் புளியால் தேய்த்து மங்கவைத்திருந்தாள்.

"ஐயோ அக்கா, அது களிம்பில்லை! முந்தி நீலமா இருந்த கல்லுத்தான் மெல்ல மெல்லப் பச்சையா மாறினது. வடிவம் மட்டும்தான் பழசு."

"உள்ளுக்கும் நீலம் இல்லையோ?"

"இல்லை. முழுக்கப் பச்சைதான்."

எடித் கையைக் கழுவினாள். பூசைக்கு வா, தேத்தண்ணியைச் சீனி போட்டுத்தான் குடி, முந்தி நீ இப்பிடி இல்லையே என்று அவன் வந்த நாள் முதல் அவனையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"இரு, தேத்தண்ணி வைக்கிறன்," என்றாள். "சீனி போடமாட்டன்."