பூட்டியவர் வைக்கும் வெடி

நான் பாகம் பாகமாகப் பொருத்திப் பூட்டிய முதலாவது துவக்கை என் கையிலேயே தந்து, "இப்ப வெடி வையுங்கோ அண்ணை" என்று தங்கச்சி சொன்னபோது நான் ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து அதிக காலம் ஆகவில்லை. கியூபெக் மாகாணத்து லாசாலில் பெயர்பெற்ற ஒரு வேட்டைத் துவக்குத் தொழிற்சாலை. அதன் பின்பக்கத்தில் தடித்த சுவர் வைத்த நீண்ட அறை, அறையின் அந்தத்தில் மணற்குவியல். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவன் நான். வேலை எடுத்துத் தந்தவன் 'இரும்புச் சாமான் பூட்டுற வேலை' என்று மட்டும்தான் சொல்லியிருந்தான்.

"நான் ஏன் வைக்க வேணும்?" என்று கேட்டேன்.

"பூட்டினது நீங்கள்தானே? பூட்டின ஆள்தான் முதல் வெடி வைக்க வேணும், இஞ்ச அதுதான் வழக்கம். உங்கட வேலையை நீங்களே நம்பாட்டி காட்டுக்குள்ள கொண்டுபோறவன் என்னெண்டு நம்புவான்?"

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். தோள் அதிர்ந்தது. காதுக் கவசத்தைத் தாண்டி அவளுடைய சிரிப்புக் கேட்டது. "கண்ணைத் திறவுங்கோ அண்ணை. மணலுக்கும் உங்களுக்கும் ஒரு கோவமும் இல்லை."

அவள் எனக்குச் சொந்தமில்லை. மன்னார்க்காரி. வயதில் என்னைவிடச் சின்னவள், வேலையில் மூத்தவள், வெடி அறைக்குப் பொறுப்பானவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துப் பூசைக்கு முதல் வாங்கில் இருப்பாள். திங்கட்கிழமை காலையில் யார் பூட்டிய துவக்கில் என்ன பிழை என்று பிரெஞ்சிலும் தமிழிலும் ஏசுவாள். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஹெயிட்டிக்காரரும் கியூபெக்காரரும்கூட அவளைத் 'தங்காச்சி' என்றே கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ் பிந்தினால் பயம், போர்மன் கூப்பிட்டால் பயம். யார் எதைக் கேட்டாலும் 'உய்' என்று தலையாட்டிவிடுவேன். பிரெஞ்சுப் பாஷையில் 'ஓம்' சொல்ல மட்டும்தான் நான் பழகியிருந்தேன்; 'இல்லை' என்கிற 'நொன்' என் வாயில் வந்ததேயில்லை.

தொழிற்சாலையைத் தொடங்கிய குடும்பம் அதை விற்றது. வாங்கியவர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் வெடி நேரத்தை வீணாக்குகிறது என்றார்கள். வெடி அறை மூடப்பட்டது. தோட்டா பிடிக்கும் குழலும் மலிவான இடத்திலிருந்து வரத் தொடங்கியது. அடுத்த வேட்டைக் காலத்துக்குள் எங்கள் துவக்குகள் பழுதென்று திரும்பி வந்தன. பிறகு கடைக்காரர்கள் கேட்பதை நிறுத்தினார்கள், பிறகு வங்கி கதவைத் தட்டியது. டொலர் ஏறியதால் தொழிற்சாலை விழுந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த அறையை மூடிய அன்றே அது விழுந்துவிட்டது என்று நான் சொல்கிறேன்.

கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்து என்று அறிவித்தபின், இருப்பதை விற்றுத் தீர்க்க ஒரு அதிகாரி வந்தார். தங்கச்சி அவருக்கு வைத்த பெயர் கோட்டுக்காரர். தட்டுகளில் மிச்சம் இருந்த துவக்குகளைப் பின்னேரத்துக்குள் பெட்டியில் அடுக்கச் சொன்னார். அவற்றை விலைக்கு எடுத்த ஒருவரின் லொறி வருகிறதாம். அவை ஒன்றும் வெடி வைத்துப் பார்த்தவை அல்ல. பாதி நான் பூட்டியவை. எங்கோ ஒரு காட்டில் ஒருவனுடைய முகத்துக்குப் பக்கத்தில் என் வேலை வெடித்துச் சிதறுவதை நினைத்தேன்; கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்கு மட்டும் நித்திரை வருதெண்டே நினைக்கிறியள்?" என்றாள். வெடி அறைத் திறப்பு இன்னும் அவளிடம்தான் இருந்தது. போய்த் திறந்தாள். "பூட்டின ஆக்கள் எல்லாரும் வாங்கோ!"

எல்லோரும் வந்தார்கள். குழலில் நம்பிக்கை இல்லாததால் தோளில் வைக்க அவள் விடவில்லை. இரும்புத் தாங்கியில் இறுக்கி, கதவுக்கு வெளியே நின்று கயிற்றை இழுக்கச் சொன்னாள். மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த கட்டடம் அதிர்ந்தது. கோட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பொலிசைக் கூப்பிடப் போவதாகக் கத்தினார். "கூப்பிடுங்கோ," என்று அவருடைய பாஷையிலேயே சொன்னாள். "வெடி வைச்சுப் பாக்காத துவக்கை விக்கிறியள் எண்டு நானே அவைக்குச் சொல்லுறன்." எங்களைப் பார்த்துத் தமிழில், "ஆளுக்கு வேர்க்குது, ஆராவது தண்ணி குடுங்கோ" என்றாள்.

ஒவ்வொன்றாகத் தேறி வந்தன. என்னுடைய ஒன்று மட்டும் வெடித்த பிறகு திறக்க மாட்டேன் என்றது. மரச் சுத்தியலால் தட்டித் திறந்தபோது தோட்டாக் கோது வீங்கி, ஒரு பக்கம் கிழிந்து வந்தது. தங்கச்சி அதை என் உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் சுட்டது.

கோட்டுக்காரர் அந்தத் துவக்கையும் பெட்டியில் போடச் சொன்னார். கணக்கில் ஒன்று குறையக் கூடாதாம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். தலையாட்டுகிறவன் யார் என்று அப்படிப்பட்டவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. தங்கச்சியும் என்னைத்தான் பார்த்தாள். பூட்டியவன் நான்தானே.

"நொன்," என்றேன்.

திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். துவக்கை எடுத்து, பிழையென்று தள்ளினவற்றுக்குப் பூசும் சிவப்பு மையைக் குழலின் வாய்முதல் கட்டைவரை பூசினேன். மற்றவர்கள் வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார்கள். லொறி அது இல்லாமலே போனது.

இப்போது ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஊர்க் கூட்டங்களில், "துவக்குக்குப் பயந்து வந்து இஞ்ச துவக்கே செய்தனீங்கள்? அதுவும் வங்குரோத்தாப் போச்சாம்" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். "ஓம், செய்தனாங்கள்" என்கிறேன். தலை குனிவதில்லை. போன கிழமை முதலாளி அழுகின தக்காளியைப் பெட்டிக்கு அடியில் போட்டு, நல்லதை மேலே அடுக்கச் சொன்னான். மாட்டேன் என்றேன். வேலை போய்விடுமோ என்று நெஞ்சு படபடத்தது. இதை எழுதும்போதும் படபடக்கிறது. படபடக்கட்டும்.