ஐந்தாவது ராஜா

எவரிஸ்தோ தன் நிழலையே இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நடக்கிற ஆள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவன் விற்கிறவளின் முகத்தையும் கூர்ந்து பார்ப்பான். இன்யம்பானேயிலிருந்து வளைகுடாவைத் தாண்டி மஷிஷுக்கு ஆள் ஏற்றிப் போகும் படகில் எஞ்சின் மேஸ்திரி. தான் முடுக்கிய திருகாணியைத் தானே நம்பாமல் மறுபடியும் முடுக்குவான். அதனால் அந்தப் படகு நடுத்தண்ணீரில் நின்றதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகப் பிராணியால் ஊருக்குக் கொஞ்சம் நன்மையும் உண்டு.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டி வந்தது. அவன் சொந்த ஊர் பெய்ரா. அங்கே துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டும் அண்ணன், "எஞ்சினுக்கு ஆள் வேணும், வந்துடுடா" என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தான். இழுவைக் கப்பலின் எஞ்சினுக்கு முன்னால் இந்தப் படகு எஞ்சின் வெறும் தையல் மிஷின். எவரிஸ்தோவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் அவனோடு குடும்பம் நடத்தும் டெல்ஃபினா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"போறதுன்னா போ. நான் வரமாட்டேன். என் தென்னமரம் நடந்து வருமா?"

மஷிஷ் சந்தையில் தேங்காய் எண்ணெய் விற்பவள் அவள். அவள் பேச்சில் பேரத்துக்கு இடமில்லை. பெய்ரா என்றால் டெல்ஃபினா இல்லை, அவ்வளவுதான்.

யாரிடம் யோசனை கேட்பது? அண்ணனுக்கு ஆள் வேண்டும், அதனால் 'வா' என்பான். படகோட்டி பாஸ்குவாலுக்கு மேஸ்திரி வேண்டும், அதனால் 'போகாதே' என்பான். தன் மனதைக் கேட்டால் அது காலையில் ஒன்று சொல்லும், பொழுது சாய்ந்தால் வேறொன்று சொல்லும். மனுஷர் யாரையும் நம்பாதவன் கடைசியில் வாயில்லாத சீட்டுக்கட்டை நம்பினான்.

"கடிகாரம் என்னைக்கு முழுசாத் திறக்குதோ, அன்னைக்கு பெய்ரா பஸ் ஏறிடுவேன்" என்று டெல்ஃபினாவிடமே சொன்னான். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கடிகாரம் ஒற்றை ஆள் ஆடும் ஆட்டம். கட்டைக் கலைத்து, நாலு நாலு சீட்டாகப் பதின்மூன்று குவியல் கவிழ்த்து வைக்க வேண்டும். பன்னிரண்டு குவியல் கடிகாரத்தின் மணிகள் போல வட்டமாக, ஒன்று நடுவில். நடுக்குவியலின் மேல்சீட்டைத் திறந்தால் ஐந்து வருகிறதா, அதை ஐந்து மணிக் குவியலுக்கு அடியில் முகம் தெரியச் செருகிவிட்டு, அந்தக் குவியலின் மேல்சீட்டை எடுக்க வேண்டும். அது ஒன்பதா, ஒன்பது மணிக்குப் போ. ஆஸ் ஒரு மணி, ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு. ராஜாவுக்கு மணி கிடையாது, நடுவில்தான் இடம். நாலாவது ராஜா வந்துவிட்டால் நடுவில் எடுக்கச் சீட்டு இருக்காது, ஆட்டம் தீர்ந்தது. அதற்குள் மற்ற சீட்டெல்லாம் திறந்திருந்தால் வெற்றி. இதில் மூளைக்கு வேலையே இல்லை, அதனால்தான் எவரிஸ்தோவுக்கு அது பிடித்தது.

ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம், காலையில், முந்திரி மரத்தடிப் பாயில். தோற்ற பிறகு மூடிக் கிடக்கும் சீட்டைத் திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் நாளைய அதிர்ஷ்டமும் போய்விடும் என்று பெய்ராவில் சொல்லுவார்கள். அவனும் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. கடிகாரம் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. தினமும் நாலாவது ராஜாவை அவன் திட்டுகிற திட்டு, தெருமுனைக் குழாயடி வரை கேட்கும்.

டெல்ஃபினா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலையில், அன்றைய நாலாவது ராஜாவைத் திட்டி முடிப்பதற்குள், வீட்டுக் கோழி பாயில் ஏறிச் சிறகடித்து ஓடியது. மூடிக் கிடந்த சீட்டுகள் புரண்டன. அதில் ஒரு ராஜா மல்லாந்து கிடந்தான்.

நடுவில் நாலு. இங்கே ஒன்று. எவரிஸ்தோ மறுபடி எண்ணினான். கட்டு முழுவதையும் விரித்துப் பார்த்தான். இஸ்பேட் ராஜா இரண்டு இருந்தார்கள்; கடிகாரத்தில் எண்தான் கணக்கு, எந்த ஜாதி ராஜா என்று அவன் இதுவரை பார்த்ததே இல்லை. கிளாவர் ரெண்டைக் காணோம். ஐந்து ராஜா இருக்கிற கட்டில் நாலோடு ஆட்டம் முடிந்துவிடும், ஐந்தாமவன் மூடியேதான் கிடப்பான். உலகம் அழிகிற வரை ஆடினாலும் இந்தக் கடிகாரம் திறக்காது.

நேரே படகுக்குப் போய் பாஸ்குவாலின் சட்டையைப் பிடித்தான்.

"நான் போயிட்டா எஞ்சினுக்கு ஆளில்லன்னு நீதானே வச்ச?"

"எதை வச்சேன்?"

"அஞ்சாவது ராஜாவ!"

பாஸ்குவால் சீட்டை வாங்கிப் பார்த்தான். "யோவ், எனக்கு ஒரு ராஜா உபரியாக் கெடைச்சா உன் கட்டுல ஏன்யா வைக்கிறேன்? என் சட்டைக் கைக்குள்ளயில்ல வச்சிருப்பேன்!"

நியாயமான பேச்சு. பாஸ்குவால் சீட்டில் கள்ளன் என்பது கரை இரண்டுக்கும் தெரியும். சந்தேகம் மஷிஷ் பஸ் நிலையத்தில் அவனுக்கு அந்தச் சீட்டுக்கட்டை விற்ற இஸ்மாயில் மேல் பாய்ந்தது.

"போலிக் கட்டு விக்கிறியா நீ?"

இஸ்மாயிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேஸ்திரி, வார்த்தைய அளந்து பேசுங்க. நங்கூரப் படம் போட்ட கட்டு, பிரிக்காத கட்டு. நம்பலன்னா உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போனாங்களே, இதே மாதிரி, அதைப் போய் எண்ணிப் பாருங்க."

"எந்த வீட்டம்மா?"

"உங்களுக்கு எத்தனை இருக்கு? எண்ணெய்க்கார அம்மாதான். போன மழைக்கு முந்தி. கட்டு கிழிஞ்சு போச்சுன்னாங்க."

ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன் பக்கத்தில் படுத்தவளை விட்டுவிட்டான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. படகில் திரும்பும்போது கோபத்தில் காது சுட்டது. ஒரு வருஷமாகத் தன் விதியைத் திட்டியிருக்கிறான், விதி பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவியிருக்கிறது! கரை வருவதற்குள் கோபம் என்னவோ ஆறிப்போனது. தன்னிடமிருந்து திருடியவர்கள் உண்டு. தன்னைப் போகவிடாமல் வைத்துக்கொள்ளத் திருட்டுத்தனம் செய்தவர் இதுவரை யாருமில்லை. அது அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று தன் மேலேயே சந்தேகம் வந்தது.

அவளிடம் கேட்கவில்லை. இஸ்மாயிலிடம் வாங்கிய புதுக் கட்டிலிருந்து கிளாவர் ரெண்டை எடுத்துப் பழைய கட்டில் சேர்த்தான். உபரி ராஜாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இப்போது ஆட்டம் சுத்தம். திறந்தால் திறந்ததுதான்.

மறுநாள் ஒவ்வொரு சீட்டையும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டே திறந்தான். நாலாவது ராஜா வந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டான். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் டெல்ஃபினா துருவுவதை நிறுத்தினாள்.

"என்னய்யா, ராஜா வந்துட்டான், நீ திட்டவே இல்ல?"

"திட்டித் திட்டி சலிச்சுப் போச்சு."

"சலிச்சுப் போச்சா, இல்ல மஷிஷ்ல எவளாவது கெடைச்சுட்டாளா?" என்றாள். அன்றிலிருந்து முதுகைக் காட்டி உட்காருவதை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் ஒரு காலை, சீட்டுகள் விடாமல் திறந்துகொண்டே போயின. மூன்று ராஜா நடுவில் கிடந்தார்கள். மற்ற மணிகள் எல்லாம் நிறைந்தன. ஒரு மூன்று வந்தது. அதை மூன்று மணியில் செருகினான். மூடியிருந்தது இன்னும் ஒரே சீட்டு. அது என்னவென்று திறக்காமலே தெரியும். தேங்காய் துருவும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. திறந்தான். இஸ்பேட் ராஜா.

டெல்ஃபினாவின் முகம் வெளுத்தது. திறக்கவே முடியாத கடிகாரம் திறந்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

எவரிஸ்தோ சட்டைப் பையில் கைவிட்டு இன்னொரு இஸ்பேட் ராஜாவை எடுத்தான். நடுவில், மற்ற நாலு பேர் மேலே வைத்தான்.

"அஞ்சு ராஜா இருக்கு. கள்ள ஆட்டம். செல்லாது."

அவள் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "யாரு வச்சது?" என்றாள்.

"யாரைன்னு சந்தேகப்படறது? ஊரே கெட்டுக் கெடக்கு."

"அந்த இஸ்மாயிலாத்தான் இருக்கும்" என்றாள் மெல்ல. "ஆள் முழியே சரியில்ல."

"நானும் அவனைத்தான் சந்தேகப்பட்டேன்."

சீட்டுகளை வாரினான். கிளாவர் ரெண்டை உருவி அவள் மடியில் போட்டான். ஐந்து ராஜாவையும் கட்டுக்குள் வைத்து ரப்பர் போட்டான்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படகுக்குக் கிளம்பினான்.