ஆளில்லை என்று சுருண்டுகொண்ட டிவி

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் என்மேல்தான் கோபம் வருகிறது. கம்பெனிமேல் அப்புறம்தான். டிவி சர்வீஸில் இருபத்தேழு வருடம் இருந்தவன் நான். பிக்சர் டியூப் காலத்திலிருந்து கழற்றி மாட்டியவன். அப்படிப்பட்டவன் கோட்டை விட்டதை, புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1. இன்ஸ்டலேஷன்

சுருள் டிவி அப்போதுதான் வந்திருந்தது. ஸ்டாண்டின் மேல் நீளமான ஒரு பெட்டி. ஆன் செய்தால் உள்ளிருந்து திரை மேலே எழும்பும். ஆள் எங்கே, எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சென்சார் பார்த்து முழுத் திரையோ பாதித் திரையோ காட்டும். ஆளே இல்லையென்றால் சுருண்டு பெட்டிக்குள் போய்விடும். இடம் மிச்சம் என்பதுதான் விளம்பரமே.

அதில் ஒன்றைக் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு எங்கள் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண் பூங்கொடிக்குக் காது கேட்காது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். சைகை மொழியில் பாடம் நடத்தும் வீடியோவைப் பார்த்துத்தான் படிப்பாள். செல்போனில் டீச்சரின் விரல் அசைவு சரியாகத் தெரியாது. வீடோ ஒற்றை அறை. மிளகு மூட்டையும் சாமை மூட்டையும் அடுக்கினால் சுவரே மிஞ்சாது. அந்தப் பிள்ளையோடு நின்று மேனேஜர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மாட்டப் போனவன் நான். சோளக்காடு என்ற ஊரிலிருந்து ஜீப், கடைசியில் ஒற்றையடிப் பாதை. போய்ச் சேர்ந்ததும் பூங்கொடியின் அம்மா செல்லம்மா, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். நம்ம ஊட்டுக்கு வந்தவங்களைக் கீழ உக்கார வைக்கலாமுங்களா?"

மாட்டி முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து டெமோ போட்டேன். திரை முழுதாக எழும்பி நின்றது. கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

2. பழுது இல்லை

பத்தே நாளில் போன். "ஏனுங்க சார், பாடம் ஓடறப்பவே டிவி உள்ள போயிருதுங்க. புள்ள அழுவுதுங்க."

போனேன். நாற்காலி போட்டார்கள். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. ஜாப் ஷீட்டில் 'பழுது இல்லை' என்று எழுதினேன். மறுவாரமும் போன், மறுபடியும் நாற்காலி, அதே 'பழுது இல்லை'. அந்த முறை எனக்கு எரிச்சலாகிவிட்டது.

"ரிமோட்ல எதையாவது அமுக்கியிருப்பீங்கம்மா."

"நாங்க தொடவே இல்லீங்க" என்றார் செல்லம்மா. நான் நம்பவில்லை.

மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ஓசியில குடுத்தா இப்படித்தான்யா. மலையில இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்? கஸ்டமர் மிஸ்யூஸ்னு எழுதிட்டு டிவியைக் கழட்டிக் கொண்டாந்துரு."

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

3. பூங்கொடி செய்தது

கழற்ற வந்திருக்கிறேன் என்று சொன்னதும் செல்லம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அப்போதும் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டார். உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பூங்கொடி விறுவிறுவென்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியை வாசலுக்குத் தள்ளினாள். என்னைத் தரையில், தன் பக்கத்தில் உட்கார வைத்து டிவியை ஆன் செய்தாள்.

திரை எழும்பியது. டீச்சரின் கைகள் பாடத்தைத் தொடங்கின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரை பாதியாக இறங்கியது. அப்புறம் மொத்தமாகச் சுருண்டு பெட்டிக்குள் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் எதிரேதான் உட்கார்ந்திருந்தோம்.

பூங்கொடி தன்னையும் அம்மாவையும் தொட்டுக் காட்டிவிட்டு, வெறும் கையை விரித்தாள்.

"நாம இருக்கறதே அதுக்குத் தெரியலைன்னு சொல்லுதுங்க" என்றார் செல்லம்மா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த சென்சாரை சோபா உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள் அதன் கணக்கில் ஆளே இல்லை. நாற்காலி விருந்தாளிக்கு மட்டும் என்பதால், தாயும் மகளும் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. நான் வந்து உட்கார்ந்தால் மட்டும் டிவி ஒழுங்காக ஓடியிருக்கிறது.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி மேனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு சோபா வாங்கிப் போடச் சொல்லுய்யா" என்றார், சிரித்துக்கொண்டே.

"சோபா போட்டா அவங்க எங்க சார் படுப்பாங்க? இடம் மிச்சம்னு சொல்லித்தானே குடுத்தோம்? பெட்டியைக் கீழ இறக்கி வச்சிடறேன்."

"ஹைட்டை மாத்துனா வாரண்டி போயிரும். அப்புறம் என்கிட்ட வராத."

போகட்டும் என்று ஸ்டாண்டைக் கழற்றினேன். பெட்டியைத் தரையிலேயே வைத்து ஆன் செய்தேன். அன்றைக்கு ஒரு பாடம் முழுதாக ஓடியது. பூங்கொடி கண் எடுக்காமல் பார்த்தாள்.

ஜாப் ஷீட்டில் எழுதினேன்: 'தரையில் உட்காருபவர்களை சென்சார் பார்ப்பதில்லை. பழுதைக் கண்டுபிடித்தவர்: பூங்கொடி.' அதைக் கிழித்துப் போட்டு வேறு எழுதச் சொன்னார் மேனேஜர். முடியாது என்றேன். மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்கும் போகிற வீட்டில் நாற்காலி போடுவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அவர்கள் மனசு சங்கடப்படும். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். டெஸ்ட் பண்ணும்போது மட்டும் எழுந்து, அந்த வீட்டுக்காரர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்காருங்கள். இருபத்தேழு வருட சர்வீஸில் எனக்கு அது தோன்றவில்லை. ஒரு பிள்ளை கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.